ரோட்டுலதானே ஓட்டினீங்க?

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு கார் சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வதுதான் இன்னும் சரி.

என் பழைய காரின் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. ஏறவும் மாட்டேன் என்றது, இறங்கவும் மாட்டேன் என்றது. அதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி இயந்திரம், மெத்தென்ற சோபாக்கள், தூக்கி நிறுத்தப்பட்ட கார்களின் அடிவயிற்றைக் காட்டும் கண்ணாடிச் சுவர். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு போஸ்டர். பந்தயத் தடத்தின் வளைவில் ஒரு சிவப்புக் கார் சாய்ந்து திரும்புகிறது, டயரிலிருந்து புகை.

போஸ்டருக்குக் கீழே ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கத்தரித்த முடி, கையில் ஒரு கையேடு. அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் சர்வீஸ் அட்வைசர். டை கட்டிய, எதையும் தாழ்ந்த குரலிலேயே சொல்கிற மனிதர்.

"இந்தக் கார டிராக் டேக்குக் கொண்டு போனா வாரண்டி போயிடுமா?"

"போயிடும் மேடம்."

"இந்தப் போஸ்டர்ல இருக்கறது டிராக்தானே?"

"ஆமா மேடம்."

"ஓடறது என் கார்தானே?"

"அதே மாடல்தான் மேடம். கலர் மட்டும் வேற." கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆனா அது போஸ்டர்ல ஓடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்மணி திரும்பினார். என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, அறிமுகமானவரிடம் பேசுவது போலக் கேட்டார்:

"உங்களுக்குப் பித்தப்பை எடுத்தாச்சுல்ல?"

(டிராக் டே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பந்தயத் தடத்தை ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரைக் கொண்டுபோய் மனம்போல் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கைதட்டக்கூட ஆள் கிடையாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.)

2

இந்தக் கதைக்கு நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் சில.

"சிவப்பு மின்னலாய் அந்தக் கார் வளைவில் சீறிப் பாய்ந்தபோது அவளுடைய கூந்தல் காற்றில்—"

வேண்டாம். அவர் கார் சாம்பல் நிறம். கூந்தல் ஹெல்மெட்டுக்குள் இருக்கும்.

"கணவனைப் பறிகொடுத்த இரண்டாவது வருடம் அவள் ஒரு கார் வாங்கினாள்."

இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அதற்குள் நாங்கள் அதே காத்திருப்பு அறையில் சில தடவை சந்தித்திருந்தோம். அவர் தன் கதையை முழுதும் சொல்லி, எழுதிக்கொள்ளவும் அனுமதித்திருந்தார். படித்துவிட்டுக் கேட்டார்:

"என் புருஷன ஏன் கொன்னீங்க?"

"ஒரு காரணம் வேணுமேன்னு."

"எதுக்குக் காரணம்?"

"தனியா இருக்கறதுக்கு."

"எனக்குப் புருஷனே கெடையாது. கல்யாணமே பண்ணிக்கல. இப்ப இல்லாத மனுஷனுக்காக எனக்கு வருத்தமா இருக்கு பாருங்க."

ஆக அந்த இரண்டு பக்கங்களும் போயின. தனிமைக்குக் காரணம் தேடும் வியாதி எழுதுகிறவனுக்கு உண்டு. வாசகர் ஏற்றுக்கொள்வதற்காக யாரையாவது சாகடிப்போம், இல்லையென்றால் ஓடிப்போக வைப்போம். யாரும் சாகாமல், யாரும் ஓடாமல், ஒரு ஆள் மெல்ல மெல்லத் தனியாகிவிட முடியும் என்பதை எழுதுவதற்கு அதிகப் பொறுமை வேண்டும். முயன்று பார்க்கிறேன்.

3

அவர் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரில் அவருக்குத் 'தூக்க டாக்டர்' என்று பெயர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவருடைய வேலையைப் பற்றி நான் எழுதியிருந்ததை அவரே திருத்தித் தந்தார். நோயாளியைத் தூங்க வைப்பது சின்ன வேலைதானாம். தூங்குகிறவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் அவருக்குப் பதிலாகக் கவனித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கண் விழித்ததும் நோயாளி அறுவை மருத்துவருக்கு நன்றி சொல்வார். தூக்க டாக்டர் அதற்குள் அடுத்த தலைமாட்டுக்குப் போயிருப்பார்.

மருந்து ஏறும்போது பயம் தெரியாமலிருக்க அவர் பேச்சுக் கொடுப்பார். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், கடைசியாக எங்கே சுற்றுலா போனீர்கள். அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். "என் மூத்த பொண்ணு இருக்காளே, அவ—" அவ்வளவுதான். "நாங்க கடலுக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரர்—" முடிந்தது.

"இத்தன வருஷத்துல நான் முழுசாக் கேட்ட வாக்கியம் ரொம்பக் கம்மி," என்றார்.

என் பித்தப்பையின்போது நானும் பேசியிருக்கிறேன்.

"எழுத்தாளர்னு சொன்னீங்க. அப்ப ஒரு கதை சொல்லுங்கன்னேன். 'ஒருத்தன் தன் சொந்த வீட்டுக்கே வழி கேட்டுக்கிட்டு வந்தான்'னு ஆரம்பிச்சீங்க. அதோட தூங்கிட்டீங்க."

"அப்புறம்?"

"அத நான்ல உங்ககிட்ட கேக்கணும்."

எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அப்படியொரு கதை என்னிடம் இருந்ததில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளம். நாலு பேர் சாப்பிடும் மேசை. ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார். இன்னொன்றில் கைப்பை. மற்றொன்றில் இஸ்திரி போட்ட துணி. நாலாவதில் மருத்துவ இதழ்களின் அடுக்கு. அவருக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் வக்கீல். நீதிமன்றப் பக்கம் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்துச் சிக்கல் கண்டுபிடிக்கிற வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். மற்ற நாட்களில் போன் வந்தால் ஆஸ்பத்திரியாக இருக்கும்.

4

ஏன் அந்தக் கார்?

வாங்கப் போனது வேறு. சின்னதாக, அடக்கமாக, எங்கேயும் நிறுத்த வசதியாக ஒன்று. ஷோரூம் பையன் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று இதன் சாவியைக் கொடுத்தான்.

"மிதிச்சதும் பதில் சொல்லுச்சு. வேற ஒண்ணுமில்ல. எதுகிட்டயாவது ஏதாவது கேட்டு, உடனே பதில் வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

வாங்கிவிட்டார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே எட்டு சிக்னல்கள். கார் பதில் சொல்ல வாயெடுக்கும், அதற்குள் சிவப்பு விழும். அப்போதுதான் எலும்பு டாக்டர் ஒருவர் டிராக் டேயைப் பற்றிச் சொன்னார். அப்போதுதான் வாரண்டிக் கையேட்டையும் அவர் முதல்முறையாகத் திறந்தார்.

[இங்கே வாரண்டியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தேன். பெரும்பகுதியை வெட்டிவிட்டேன். மிஞ்சியது இது: வாரண்டி என்பது, உன் பொருளுக்கு ஏதாவது ஆனால் நீ தனியாக இல்லை என்று ஒரு முன்பின் தெரியாத கம்பெனி கொடுக்கும் வாக்கு. மனிதர்கள்கூட அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான். நீ எல்லோரையும் போல இருக்க வேண்டும்.]

தம்பிக்குக் கையேட்டைப் படமெடுத்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அக்கா, அந்தப் பக்கத்த நல்லாப் படிச்சியா? போட்டின்னு மட்டும் போடல. 'பந்தயத் தடத்தில் எவ்வகைப் பயன்பாடும்'னு போட்டிருக்கான். எவ்வகைங்கற வார்த்தைய சும்மா போட மாட்டாங்க."

"மெதுவாப் போனா?"

"மெதுவாப் போறதுக்கு எதுக்குக்கா டிராக்?"

அக்கா கையேட்டை மூடி வைத்தார்.

"இல்ல, திடீர்னு உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. அதுதான்."

அந்த வாரம் முழுக்க அவர் எடைபோட்டுப் பார்த்தார். அது அவருடைய அன்றாட வேலை. பலவீனமான இதயத்தோடு வருகிறவருக்கு மயக்கம் கொடுக்கலாமா என்று பார்க்கும்போது, என்ன கெட்டது நடக்கலாம், நடந்தால் மீட்க முடியுமா என்று கேட்டுக்கொள்வார். இவை இரண்டையும் தம்பியும் தன் பாணியில் கேட்டுவிட்டார். இன்னொன்றும் உண்டு, அதைச் சொந்தக்காரர்கள் கேட்க மறந்துவிடுவார்கள் என்றார் தூக்க டாக்டர். ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒன்றுமே செய்யாமல் விட்டால் வாரண்டி பத்திரமாக இருக்கும். வருடங்கள் கழிந்து, ஒருமுறைகூடத் தேவைப்படாமல், தானாக முடியும். காரும் அப்படியே இருக்கும். அவரும் அப்படியே இருப்பார்.

டிராக் டேக்குப் பெயர் கொடுத்தார்.

5

காலையில் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் தங்கள் கார்களின் நம்பர் பிளேட்டில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கார்க்காரர் ஒரு சுருளை நீட்டினார்.

"ஒட்டிக்கோங்க. இங்க போட்டோ எடுத்துப் போடுவாங்க. கம்பெனிக்காரன் பாத்தா வம்பு."

ஒட்டினார். எல்லோரும் ஒட்டினார்கள், அவரும் ஒட்டினார். (அவரை இன்னும் நேர்மையானவராகக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர் ஒப்பவில்லை.)

முதல்முறை வருகிறவர்களுடன் ஒரு பயிற்சியாளர் உட்காருவார். இவருக்கு வாய்த்தவர் வார நாட்களில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பெரிய உடம்பு, ஹெல்மெட்டுக்குள் கன்னங்கள் பிதுங்கின. தலையின் சுற்றளவை நாடாவால் அளந்துதான் ஹெல்மெட் கொடுத்தார்கள். இரண்டு ஹெல்மெட்டுகளுக்கும் நடுவே ஒயர். அவர் குரல் நேராகக் காதுக்குள் கேட்டது.

"பயமா இருக்கா?"

"இல்ல. பல்ஸ் கொஞ்சம் கூடியிருக்கு. இந்தச் சூழ்நிலையில சாதாரணம்தான்."

"டாக்டரா?"

"ஆமா."

"அப்ப எனக்கும் பயமில்ல. போலாம்."

[வேகத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதி அழித்தேன். நான் நாலாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். உங்களுக்குத் தெரிந்த வேகத்தை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.]

தூக்க டாக்டர் என்னிடம் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லவும் இல்லை. அந்தக் குரலைப் பற்றித்தான் சொன்னார். "பிரேக். இன்னும். இன்னும். போதும், விடுங்க. இப்ப வளைவோட உள்பக்கம் பாருங்க, அங்கதான் போறோம். மெதுவாத் திருப்புங்க. வந்துட்டோம். இப்ப மிதிங்க." ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. அப்போதும் பயிற்சியாளர் பாதியில் நிறுத்தவில்லை. "ஒண்ணுமில்ல, ஸ்டியரிங்க அப்படியே பிடிங்க, அதுவா நேராயிடும், பாத்தீங்களா, ஆயிடுச்சு" என்று சொல்லி முடித்தார். வளைவு முடிந்தபோது அந்த வாக்கியமும் முடிந்தது.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மூச்சைக் கவனித்தவரை அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன பிறகுதான் இதை யோசித்துப் பார்த்ததாகத் தூக்க டாக்டர் சொன்னார். அன்று அவர் நினைத்தது, நன்றாக இருக்கிறதே என்பது மட்டும்தான்.

மதிய இடைவேளையில் எல்லோரும் மடக்கு நாற்காலிகளை விரித்து உட்கார்ந்தார்கள். டயரைப் பற்றிப் பேசினார்கள். மறுபடியும் டயரைப் பற்றிப் பேசினார்கள். ஏன் தனியாக வந்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அங்கே பாதிப் பேர் தனியாக வந்தவர்கள். அவர் நின்றுகொண்டே தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுந்து போய், வண்டியிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து விரித்துப் போட்டார். "உக்காருங்க. அடுத்த ரவுண்டுக்கு நேரமிருக்கு."

பிற்பகலில் மூன்றாவது கியர் போனது. நறநறவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். மறுபடியும் போட்டார். மறுபடியும் சத்தம்.

"மூணு வேணாம்," என்றது காதுக்குள் குரல். "ரெண்டுலயே இருங்க. கையத் தூக்கிக் காட்டுங்க, பின்னாடி வர்றவங்க விலகிப் போகட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பயிற்சியாளர் உடனே இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வாரண்டி இருக்கா?"

"காலையில இருந்தது."

அவர் சிரித்துவிட்டார். "நாளைக்கு என்ன சொல்லணும்னு வெளிய ஆளாளுக்குச் சொல்லித் தருவாங்க. கேட்டுக்கோங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சொல்லித் தந்தார்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது சத்தம் வந்தது என்று சொல்லச் சொன்னார்கள். டிராஃபிக்கில் வந்தது என்று சொன்னால் இன்னும் நம்புவார்கள் என்றார் டேப் கொடுத்தவர்.

6

இந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தேன். என் கார்க் கண்ணாடி மறுபடியும் சிக்கிக்கொண்டதால் அன்று நானும் சர்வீஸ் சென்டரில் இருந்தேன்.

சர்வீஸ் அட்வைசர் காரைச் சுற்றி வந்தார். உட்கார்ந்து மூன்றாவது கியரைப் போட்டுப் பார்த்தார். இறங்கினார். பின்பக்கம் குனிந்தார். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் கறுப்பு டேப் விரல்நகம் அளவு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும் மேடம். ரோட்டுலதானே ஓட்டினீங்க?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல," என்றார் தூக்க டாக்டர். "டிராக்ல."

அட்வைசர் பேனாவை மூடினார்.

"மேடம், நான் கேட்டது உங்களுக்குச் சரியாக் கேக்கலன்னு நெனைக்கறேன். மறுபடியும் கேக்கறேன்."

"கேட்டுது."

"எழுதிடுவேன் மேடம். எழுதினா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் கோபம் இருந்தது. நல்லது செய்ய நீட்டிய கையைத் தட்டிவிட்டால் வருகிற கோபம்.

7

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. வாசகர் இதை நம்புவாரா? யாராவது இப்படிப் போய் உண்மையைச் சொல்வார்களா?

ஆகவே ஒரு காரணம் எழுதினேன். ஆபரேஷனுக்கு முன்னால் தூக்க டாக்டர் ஒவ்வொரு நோயாளியிடமும், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பலர் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்யால் உயிர் போகலாம். வாழ்நாள் முழுக்க உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சிய ஒருவரால் அன்றைக்குப் பொய் சொல்ல—

"அழகா இருக்கு," என்றார் அவர் படித்துவிட்டு. "ஆனா அது நீங்க எழுதின காரணம்."

"அப்ப அந்த அட்வைசருக்கு வேலை போயிடுமோன்னா?"

"அது அப்புறம் வீட்டுக்குப் போனதும் தோணுச்சு. அந்த நேரத்துல தோணல."

"பின்ன ஏன்?"

எழுந்து போய்க் காப்பி இயந்திரத்திலிருந்து ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ரோட்டுலதான் ஓட்டினேன்னு சொல்லியிருந்தா, அந்த நாளே நடக்கலன்னு ஆயிடும். எனக்கு அதுக்குச் சாட்சி யாரும் இல்ல. வீட்டுல சொல்ல ஆளில்ல. தம்பிகிட்ட அப்ப சொல்ல முடியாது. முதல்முதலா ஒருத்தர் அதப் பத்திக் கேட்டார். அவர்கிட்டயும் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

நான் எழுதிய காரணத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அது எவ்வளவு தப்பு என்று தெரியட்டும்.

8

கம்பெனி கியர்பாக்ஸுக்குப் பொறுப்பேற்க மறுத்தது. மற்ற பாகங்களுக்கு வாரண்டி தொடரும் என்றும், மறுமுறை இப்படி நடந்தால் முழுவதும் ரத்தாகும் என்றும் தெரிவித்தது. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டியிருந்ததால் பல வாரங்கள் அவர் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

விஷயத்தைத் தம்பியிடம் தானே சொன்னார். தம்பி போனில் திட்டவில்லை. சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நேரில் வந்து நின்றார். வாசலிலேயே தொடங்கி, கை கழுவும் வரை திட்டினார். மேசைக்கு வந்து பார்த்தார். உட்கார இடமில்லை. மருத்துவ இதழ்களை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இனிமே போக மாட்டல்ல?"

"சாப்புடுடா, ஆறிடும்."

"அக்கா, நான் உன்னக் கேக்கறேன்."

"சாம்பல் கலர்ல வாங்கினது தப்புன்னு இப்பத் தோணுது," என்றார் அக்கா.

தம்பி சாப்பிட்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் தூக்க டாக்டர் அந்த இதழ்களைத் திரும்ப நாற்காலியில் வைக்கவில்லை. இதை நான் முடிவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேணாம், அந்த நாற்காலியில இப்ப லாண்டரிப் பை இருக்கு," என்றார்.

9

ஆகவே முடிவுகள்.

(அ) கார் சரியாகி வந்ததும் அவர் அதை விற்றுவிட்டு, சின்னதாக, அடக்கமாக, எங்கேயும் நிறுத்த வசதியாக ஒன்று வாங்குகிறார். ஷோரூம் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். [எத்தனையோ கதைகள் இப்படித் திரும்பிப் பார்த்துத்தான் முடிகின்றன.]

(ஆ) அவருக்கும் பயிற்சியாளருக்கும் இடையே ஒரு அன்பு மலர்கிறது. இதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலி விரித்துப் போட்ட பெண்தான் பயிற்சியாளரின் மனைவியாம்.

(இ) அவர் மறுபடியும் டிராக்குக்குப் போகிறார்.

போன வாரம் போன் செய்தார்.

"எந்த முடிவ வேணா வைங்க. மூணாவத மட்டும் வைக்காதீங்க."

"ஏன், போகப் போறதில்லையா?"

"போறேனா இல்லையாங்கறது வேற. நீங்க அச்சுல போட்டா அது சாட்சியாயிடும். கியர்பாக்ஸ்தான் போச்சு, எஞ்சினுக்கு இன்னும் வாரண்டி இருக்கு. தம்பி வேற எல்லாத்தையும் படிக்கறவன்."

"அன்னிக்கு நீங்களேதான உண்மையச் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். கேட்டா இப்பவும் சொல்லுவேன். கேக்கறதுக்கு முன்னாடி நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

நியாயம்தான். கதை எழுதி அடுத்தவர் வாரண்டியைப் போக்கிய முதல் ஆள் என்கிற பெயர் எனக்கு வேண்டாம். ஆகவே அடுத்த மாதம் அந்தச் சாம்பல் நிறக் கார் எங்கே போகும் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பொறுப்பு. உங்களுக்குப் பயமாக இருந்தால் வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் அவர் என்னிடம் இன்னொன்று கேட்டார். நான் கதை எழுதாத நேரத்தில், பிழைப்புக்காக, வீட்டிலிருந்தபடி பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பக்கங்கள் வரும், பக்கங்கள் போகும். அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறினேன். "அளந்து சொல்றேன்," என்றேன்.

அவர் கேட்டது என் தலையின் சுற்றளவை.

எதற்கு என்பதையும் எழுத மாட்டேன். ஆனால் தன் தலையைத் தானே அளப்பது லேசில்லை என்று மட்டும் சொல்கிறேன். முன்னால் அளவு நாடாவைப் பிடித்தால் பின்னால் நழுவுகிறது. பின்னால் பிடித்தால் நெற்றியில் எண் தெரிவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று பலமுறை முயன்றேன். கடைசியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. கதவைத் திறந்த மனிதர் என்னையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், "திரும்பி நில்லுங்க," என்றார்.